டென்மார்க்கின் தொழிற்கல்வி: ஊதியமும் தாழ்வெண்ணமும்

டென்மார்க்கில் ஒன்பதாம் வகுப்பையோ பத்தாம் வகுப்பையோ முடிக்கும் மாணவர் முன் இரண்டு பெரிய வழிகள் உள்ளன. ஒன்று, பல்கலைக்கழகத்தை நோக்கிச் செல்லும் மேல்நிலைப் படிப்பு. அந்நாட்டில் அதற்கு ஜிம்னாசியம் என்று பெயர். மற்றொன்று, தச்சர், மின்பணியாளர், சமையற்கலைஞர், முதியோர் பராமரிப்பாளர் என நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு ஆள் உருவாக்கும் தொழிற்கல்வி. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. இரண்டாவது வழியில் படிக்கும்போதே சம்பளமும் கிடைக்கும். அப்படியிருந்தும் பெரும்பாலானோர் முதல் வழியையே நாடுகின்றனர். 2000-களின் தொடக்கத்தில் பள்ளி முடித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தொழிற்கல்வியைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த பத்தாண்டில் அது ஐந்தில் ஒருவராகச் சுருங்கியது. தொழிற்கல்வியின் மேல் படிந்த தாழ்வெண்ணம் பணக் குறைவால் வந்ததன்று, கல்விக் கொள்கையே வகுத்த தரவரிசையால் வலுப்பெற்றது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பணக்கணக்கு. அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளில் மாணவர் அடையும் ஆதாயம், செலவு மிச்சமாவது. பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளுக்குக் கட்டணம் செலுத்துவதற்குப் பதிலாக முதல் இரண்டு ஆண்டுகளைக் குறைந்த கட்டணத்தில் முடித்துவிடலாம். டென்மார்க்கில் உள்நாட்டு மாணவருக்குப் பல்கலைக்கழகமே இலவசம் என்பதால் அங்கே ஆதாயம் வருமானமாக வருகிறது. தொழிற்கல்வி பெரும்பாலும் இருபது வாரங்கள் கொண்ட அடிப்படைப் பருவத்தில் தொடங்கும். பள்ளியிலிருந்து நேரே வருவோருக்கு அத்தகைய பருவங்கள் இரண்டு. அதன்பின் மூன்று முதல் மூன்றரை ஆண்டுகள் வரை பணியிடத்திலும் தொழிற்பள்ளியிலும் மாறி மாறிப் பயிற்சி நடக்கும். இந்த முதன்மைக் கட்டத்தில் மாணவர் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட பழகுநர். அவருடைய சம்பளத்தைத் தொழிற்சங்கமும் முதலாளிகள் அமைப்பும் கூடிச் செய்யும் கூட்டு ஒப்பந்தம் நிர்ணயிக்கிறது. ஆண்டுதோறும் அது உயரும். பள்ளியில் இருக்கும் வாரங்களிலும் சம்பளம் நிற்காது. அந்த வாரங்களுக்கான தொகையை ஏ.யூ.பி. என்னும் பொது நிதியம் நிறுவனத்துக்கு ஈடுசெய்கிறது. பழகுநரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எல்லா முதலாளிகளும் இந்த நிதியத்துக்குப் பங்களிக்க வேண்டும். ஒருவர் பயிற்றுவிக்கும் ஆளைப் பலரும் பயன்படுத்திக்கொள்வதால் செலவையும் பலரும் ஏற்க வேண்டும் என்ற நியாயத்தின் மேல், 1977-இல் வேறு பெயரில் தொடங்கிய ஏற்பாடு இது.

பல்கலைக்கழக மாணவருக்கும் அரசு உதவித்தொகை உண்டு. எஸ்.யூ. எனப்படும் அத்தொகை, வீட்டைவிட்டு வெளியே தங்கிப் படிப்பவருக்கு வரிக்கு முன் மாதம் ஏறத்தாழ 7,000 குரோனர். உலக அளவில் இது தாராளமான உதவி. பெரும்பாலான தொழில்களில் பழகுநரின் முதலாண்டுச் சம்பளமே அதைவிடக் கணிசமாக அதிகம். படிப்பு முடிந்த பிறகும் இந்த நிலை தலைகீழாக மாறிவிடுவதில்லை. சம்பள ஏற்றத்தாழ்வு குறைந்த, உயர்ந்த வருமானத்துக்கு உயர்ந்த வரி விதிக்கும் நாட்டில் தேர்ந்த மின்பணியாளருக்கும் கலைப்பட்டதாரிக்கும் இடையிலான வருமான இடைவெளி பெரிதாக இருக்க முடியாது. ஜிம்னாசியத்தோடு படிப்பை நிறுத்தியவரைவிடத் தொழில் கற்றவரின் வாழ்நாள் வருமானம் தெளிவாகவே அதிகம்.

ஆனால் இந்த ஆதாயம் முழுவதும் ஒரே ஒரு தாளில் தொங்குகிறது: நிறுவனத்தோடு செய்யும் பயிற்சி ஒப்பந்தம். அது கிடைக்காதவர் அடிப்படைப் பருவத்தோடு நின்றுபோகலாம், அல்லது பள்ளியின் பட்டறையிலேயே குறைந்த படித்தொகையில் பயிற்சியைத் தொடரலாம். ஒப்பந்தம் கையில் உள்ளவருக்கு நுழைவு மதிப்பெண் நிபந்தனையிலிருந்தே விலக்கு உண்டு என்பது அத்தாளின் எடையைச் சொல்லும். சிறு நிறுவனங்கள் அறிந்தவர் தெரிந்தவர் வழியே ஆள் எடுப்பது எந்த நாட்டிலும் வழக்கம்தான். இதனால் உறவும் அறிமுகமும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள், குறிப்பாகக் குடியேறியோரின் பிள்ளைகள், வாசலிலேயே காத்துக்கிடக்க நேர்கிறது. 2016-இல் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் செய்த முத்தரப்பு உடன்பாடு, போதிய பழகுநர்களை எடுக்காத நிறுவனங்கள் கூடுதலாகச் செலுத்தவும், எடுப்பவை பலன் பெறவும் வழிசெய்தது. நல்ல ஏற்பாடுதான். எனினும் எந்த வீட்டுப் பிள்ளையை எடுப்பது என்ற முடிவு நிறுவனத்திடமே உள்ளது.

தாழ்வெண்ணம் டேனிய மண்ணில் தொன்றுதொட்டு ஊறியது என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. நகரக் கைவினைஞர் கழகங்கள் நூற்றாண்டுகளாக அங்கே செல்வாக்கோடு இருந்தவை. 1857-ஆம் ஆண்டின் தொழிற்சுதந்திரச் சட்டம் 1862-இல் நடைமுறைக்கு வந்தபோது அவற்றின் ஏகபோகம் முடிந்தது. கைவினையின் கௌரவம் முடியவில்லை. 1840-இல் தொடங்கப்பட்ட கோபன்ஹேகன் கைவினைஞர் சங்கம், இறுதித் தேர்வில் சிறந்த கைவேலை செய்து காட்டும் இளம் கைவினைஞருக்கு இன்றும் பதக்கம் வழங்குகிறது. விழா நகர மன்றக் கட்டடத்தில் நடக்கும்; அரச குடும்பம் அதில் கலந்துகொள்வது மரபு.

இந்த விழாவை ஜூன் மாதத் தெருக்காட்சியோடு ஒப்பிட வேண்டும். ஜிம்னாசியம் முடித்தவர்கள் வெள்ளைத் தொப்பி அணிந்து, அலங்கரித்த லாரிகளில் ஆடிப்பாடி, ஒவ்வொரு தோழர் வீட்டு வாசலாகச் செல்வார்கள். தொப்பியின் பட்டை நிறம் எந்த வகைப் படிப்பு என்பதைக் காட்டும். ஊரே நின்று கையசைக்கும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒருவர் பெரியவராகிவிட்டதை ஊர் அங்கீகரிக்கும் சடங்கு அது. தொழிற்கல்வி மாணவருக்கும் அண்மைக்காலத்தில் தொப்பிகள் வந்துவிட்டன. ஆனால் அவர்கள் வெவ்வேறு வயதில், வெவ்வேறு மாதத்தில், வெவ்வேறு பணியிடத்தில் பயிற்சியை முடிக்கிறார்கள். ஒரே நாளில் ஒரே வண்டியில் ஏறும் வகுப்பு அவர்களுக்கு வாய்ப்பதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை நண்பர்களோடு சேர்ந்திருக்க விரும்புவதை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. கையில் வரும் சம்பளத்தைவிட அந்த வயதில் அது பெரிதாகவே தெரியும்.

கொள்கையின் பங்கு இதைவிடக் கனமானது. 1993-இல் அனைவருக்கும் கல்வி என்ற திட்டமும், 2006-இல் இளைஞரில் 95 விழுக்காட்டினர் பள்ளிக்குப் பிந்தைய படிப்பு ஒன்றை முடிக்க வேண்டும் என்ற இலக்கும் வகுக்கப்பட்டன. நோக்கம் நல்லது. ஆனால் ஜிம்னாசியத்துக்குத் தகுதியற்றவர் என்று கருதப்பட்டவரை எல்லாம் ஏற்கும் கடமை தொழிற்பள்ளிகளின் மேல் விழுந்தது. இடையில் விலகுவோர் பெருகினர். விலகல் பெருகியதும் பள்ளியின் பெயர் கெட்டது. பெயர் கெட்டதும் நன்றாகப் படிப்போர் ஒதுங்கினர். 2007-இல் ஜிம்னாசியங்கள் தன்னாட்சி நிறுவனங்களாகி, தலைக்கு இவ்வளவு என்று மாணவர் எண்ணிக்கைப்படி நிதி பெறத் தொடங்கின. ஒவ்வொரு மாணவரும் வருவாய் என்றான பின், தொழில் பக்கம் போ என்று யாருக்கும் எடுத்துச் சொல்லும் காரணம் அவற்றுக்கு இல்லை.

இந்தச் சரிவைத் தடுக்கவே 2014-இல் தொழிற்கல்விச் சீர்திருத்தம் உடன்பாடாகி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. டேனிய மொழியிலும் கணிதத்திலும் குறைந்தது 02 என்ற மதிப்பெண் நிபந்தனையானது. பள்ளி முடிப்போரில் 2020-இல் 25 விழுக்காட்டினரும் 2025-இல் 30 விழுக்காட்டினரும் தொழிற்கல்வியைத் தேர வேண்டும் என்று இலக்கும் வைக்கப்பட்டது. இலக்கு எட்டப்படவில்லை. எட்டாததற்கு ஒரு காரணம் அந்த நிபந்தனையிலேயே உள்ளது. டேனிய மதிப்பெண் முறையில் 02 என்பது தேர்ச்சிக்கான கடைநிலை. பிற்பாடு மூன்றாண்டு ஜிம்னாசியத்துக்குச் சராசரி 5 என்று விதிக்கப்பட்டது. ஒரு வாசலில் ஐந்து, மறு வாசலில் இரண்டு என்று அரசே எழுதிவைத்தபின் எந்தப் படிப்பு மேல், எந்தப் படிப்பு கீழ் என்பதைப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தத் தரவரிசைக்குப் பணவிலையும் உண்டு. பலர் ஜிம்னாசியத்தை முடித்து, சில ஆண்டுகள் அங்குமிங்கும் வேலை பார்த்து, இருபது வயதுக்கு மேல்தான் தொழிற்கல்விக்கு வருகிறார்கள். இருபத்தைந்து தாண்டியவர்களுக்கென, முன் அனுபவத்தைக் கணக்கிட்டுக் காலத்தைக் குறைக்கும் தனி ஏற்பாடு 2015-இல் உருவானதே இத்தகையோர் ஏராளம் என்பதற்குச் சான்று. பதினாறில் வந்திருந்தால் இருபதில் முழுச் சம்பளம் பெற்றிருக்கக்கூடியவர், இருபத்தெட்டில் அதைப் பெறுகிறார். வீணான ஆண்டுகளின் வருமானம் அவருக்கும், வரி அரசுக்கும், கைத்திறன் நாட்டுக்கும் இழப்பு.

டென்மார்க்கின் ஈழத்தமிழர் இந்தச் சிக்கலை வேறொரு பக்கத்திலிருந்து சந்தித்தவர்கள். 1980-களில் அகதிகளாகச் சென்று ஹெர்னிங் போன்ற யூட்லாந்து ஊர்களில் குடியேறிய பெற்றோர் பலர் தொழிற்சாலை வேலையும் துப்புரவு வேலையும் செய்து பிள்ளைகளை வளர்த்தனர். யாழ்ப்பாணத்தில் வேரூன்றிய கல்வி மதிப்பும் கைவேலையைச் சாதியோடு பிணைத்துப் பார்க்கும் பழைய மனப்போக்கும் அவர்களோடு சென்றன. மருத்துவமும் பொறியியலுமே முன்னேற்றம் என்ற கணக்கில், டேனிய மின்பணியாளரின் சம்பளமும் சமூகநிலையும் எங்கும் இடம்பெறவில்லை. ஆனால் அந்தக் கணக்கை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்குவது நியாயமன்று. பயிற்சி ஒப்பந்தத்துக்கு அறிமுகம் தேவைப்படும் நாட்டில், மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் திறக்கும் வாசலைப் புதிதாக வந்தவர் நம்புவதில் அறிவு இருக்கிறது.

அப்படியானால் எது பலன் தரும்? சம்பளத்தை மேலும் உயர்த்துவதைவிட, மேலே செல்லும் வழியைத் திறந்து வைப்பதே பலன் தருவதாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்ற விதி, பட்டயப் படிப்பைப் பல குடும்பங்களின் கண்ணில் முட்டுச்சந்து ஆகாமல் காத்தது. டென்மார்க்கில் அதற்கு ஒப்பானது 2010-இன் சட்டம் கொண்டுவந்த ஈ.யூ.எக்ஸ். படிப்பு. அதை முடிப்பவர் தொழிற்சான்றோடு உயர்கல்விக்கான தகுதியும் பெறுகிறார். தொழில் கற்றவர் தொழில்சார் உயர்கல்விக் கழகங்களில் இரண்டாண்டுப் படிப்பும், அதன்மேல் ஒன்றரை ஆண்டில் இளங்கலை நிலையும் அடையலாம். சமுதாயக் கல்லூரிக்கு டென்மார்க்கில் மிக நெருங்கிய அமைப்பு இக்கழகங்களே. இதற்கு ஒரு மறுப்பும் உண்டு: மேலே போகும் வழியைக் காட்டிக் கௌரவம் தேடினால், தச்சராகவே நிறைவோடு வாழ விரும்புபவரின் மதிப்பு இன்னும் குறையாதா? அந்த அபாயம் உண்மையானது. ஆயினும் பதினைந்து வயதில் ஒரு கதவு நிரந்தரமாக மூடிவிடுமோ என்ற பெற்றோரின் அச்சமே அவ்வயதில் முடிவைத் தீர்மானிக்கிறது. அந்த அச்சம் நீங்கிய பிறகுதான் தச்சுவேலையைத் தச்சுவேலைக்காகவே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பிள்ளைக்கு வரும்.

2025-இல் டேனிய அரசியல் கட்சிகள் ஈ.பி.எக்ஸ். என்னும் புதிய படிப்புக்கு உடன்பட்டன. 2030-இல் தொடங்கவிருக்கும் இந்த இரண்டாண்டுப் படிப்பு, பத்தாம் வகுப்புக்கும் ஜிம்னாசிய வகைகளில் ஒன்றான எச்.எஃப்.-க்கும் பதிலாக வரும்; தொழிற்கல்விக்கும், செவிலியர், ஆசிரியர் போன்ற பணிகளுக்கான உயர்கல்விக்கும் இட்டுச்செல்லும். கைவேலையையும் ஏட்டுக்கல்வியையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவது சரியான திசை; ஒரே வயதினர் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்கும் வகுப்பும் இதனால் அமையக்கூடும். ஆனால் மூன்றாண்டு ஜிம்னாசியத்தின் நுழைவு மதிப்பெண்ணை அதே உடன்பாடு உயர்த்துகிறது. இரண்டு வாசல்களின் எண்களுக்கு இடையே உள்ள தூரம் இப்படி நீடிக்கும்வரை, புதிய படிப்பும் மிஞ்சியவர்களுக்கானது என்ற பெயரைச் சுமக்க நேரலாம்.