ஸீ வியூவில் ஆடிய ரோகிகள்

நியூயார்க் நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் 1913-இல் திறக்கப்பட்ட ஸீ வியூ ஆஸ்பத்திரிக்குள், பிழைத்து வீடு திரும்புவோம் என்ற நிச்சயத்தோடு நுழைந்த க்ஷய ரோகிகள் வெகு சொற்பம். சுத்தமான காற்று, ஓய்வு, போஷாக்குள்ள ஆகாரம், விலா எலும்புகளை அகற்றி நுரையீரலைச் சுருங்க வைக்கும் கொடூரமான ரண சிகிச்சை ஆகியவையே நெடுங்காலம் வைத்தியமாக இருந்தன. தொற்றுக்கு அஞ்சி வெள்ளை இனத் தாதியர் விலகிய இடத்தில், தென் மாகாணங்களிலிருந்து வந்த கறுப்பினத் தாதியரே அந்த ரோகிகளுக்குப் பணிவிடை செய்தார்கள்.

1951-இல் எட்வர்ட் ராபிட்ஸெக், இர்விங் ஸெலிகாஃப் என்ற வைத்தியர்கள், மற்றச் சிகிச்சைகளெல்லாம் பயனற்றுப்போனவர்களுக்கு ஐஸோநியாஸிட், ஐப்ரோநியாஸிட் என்ற இரு புதிய ஔஷதங்களைக் கொடுத்துப் பார்த்தனர். (முன்னது 1912-லேயே பிராக் நகரில் தயாரிக்கப்பட்டு, அதன் குணத்தை எவரும் அறியாமல் நாற்பதாண்டு கிடந்த பொருள்.) ஜுரம் தணிந்தது, சோற்றைக் கண்டாலே முகம் சுளித்தவர்கள் மறுபடியும் மறுபடியும் கேட்டு வாங்கி உண்டார்கள். மறு வருஷம், வார்டிலே ரோகிகள் ஆடுகிற படங்கள் பத்திரிகைகளில் வந்தன.

யமன் வாசல்வரை போய் மீண்டவன் ஆடாமல் என்ன செய்வான்? அப்படி எண்ணியதில் தவறில்லை. ஆனால் ஐப்ரோநியாஸிட் உண்டவர்களிடம் மட்டும் அந்த உல்லாசம் அளவு கடந்திருந்தது. உறக்கம் கெட்டது, கை நடுங்கியது, சிலர் காரணமின்றிப் பரபரத்தார்கள். க்ஷய வைத்தியர்களுக்கு இது உபத்திரவமாகவே பட்டதால் அதை ஒதுக்கி, ஐஸோநியாஸிடையே கைக்கொண்டனர். 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சியில், வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெற்ற ஏழை நோயாளிகளுக்குக் கிடைத்ததும் அதுவே.

ஒதுக்கப்பட்ட மருந்து, உடலிலுள்ள மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது என்பதை 1952-லேயே எர்ன்ஸ்ட் ஸெல்லர் கண்டிருந்தார். எனினும், அந்த ஆனந்தம் நுரையீரல் தேறியதால் வந்ததா, மருந்தாலேயே வந்ததா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, க்ஷயமே இல்லாத மனச்சோர்வு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. நேதன் க்ளைனும் அவருடைய சகாக்களும் 1957-இல் அதன் பலனை வெளியிட்டார்கள்: சோர்ந்து கிடந்தவர்களில் பலர் தெளிவடைந்திருந்தனர். க்ஷயத்துக்கென்றே விற்பனை அநுமதி பெற்றிருந்த அந்த மருந்து, ஓராண்டுக்குள் சுமார் 4 லட்சம் பேருக்கு மனச்சோர்வுக்காக எழுதிக் கொடுக்கப்பட்டது. உண்டவர்களில் சிலருக்குக் காமாலை கண்டு ஈரல் கெட்டதால், 1961-இல் அமெரிக்கக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது.