காற்றாலைக்கு இலவசமாக வந்த துப்பாக்கி

மிச்சிகன் மாநிலத்தில் பிளிமத் என்று ஒரு சிற்றூர். டெட்ராய்ட் கார் கம்பெனிகளை நம்பி வந்த எங்களைப் போன்ற குடும்பங்கள் பக்கத்து ஊரான கேன்டனில் நிறைய. கோடை மாலைகளில் பிளிமத்தின் கெல்லாக் பூங்காவில் ஐஸ்கிரீமும் கையுமாக நம்மவர்களைப் பார்க்கலாம். அமெரிக்கச் சிறுவர்களில் பாதிப் பேருடைய ஆசையைத் தயாரித்து அனுப்பிய தொழிற்சாலை இந்த ஊரில்தான் இருந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். இங்கே பிள்ளை வளர்ப்பதில் உள்ள ஒரு பெரிய குழப்பத்தின் வேர் அந்தத் தொழிற்சாலையில் இருக்கிறது.

1882-ல் தொடங்கியபோது அது துப்பாக்கிக் கம்பெனி இல்லை. பிளிமத் இரும்புக் காற்றாலைக் கம்பெனி. விவசாயிகளுக்குத் தண்ணீர் இறைக்கும் காற்றாலை விற்றார்கள். வியாபாரம் சுமார்தான். சில வருடங்களில் கிளாரன்ஸ் ஹாமில்டன் என்ற உள்ளூர்க்காரர் முழுக்க உலோகத்தில் ஒரு காற்றுத் துப்பாக்கி செய்து எடுத்துவந்தார். மேலாளர் லூயிஸ் காஸ் ஹஃப் அதைச் சுட்டுப் பார்த்துவிட்டு, ஜோராக இருக்கிறது என்ற பொருளில் ‘டெய்சி’ என்றாராம். அதுவே பெயராக நிலைத்தது. காற்றாலை வாங்கினால் துப்பாக்கி இலவசம் என்று அறிவித்தார்கள், குக்கர் வாங்கினால் கரண்டி இலவசம் என்பதுபோல. கொஞ்ச நாளில் ஜனங்கள் கரண்டியைத்தான் கேட்டு வந்தார்கள். 1895-ல் கம்பெனியே டெய்சி என்று பெயரை மாற்றிக்கொண்டது.

பணம் கொடுத்துக் காற்றாலை வாங்குகிறவர் அப்பா. கூட வரும் துப்பாக்கி போவது பையன் கைக்கு. அது யார் பொறுப்பு என்ற கேள்வியை அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஹாமில்டன் பிறகு தனியாகப் பிரிந்து, அதே ஊரில் நிஜமான .22 தோட்டா போட்டுச் சுடும் மலிவு ரைபிள்கள் செய்யத் தொடங்கினார். பையன்களுக்கென்றே செய்தவை. பத்து லட்சத்துக்கு மேல் விற்றன. விற்றன என்பதுகூட முழுக்கச் சரியில்லை. வீடு வீடாகப் போய்ச் சில்லறைச் சாமான் விற்றுக் கொடுத்த சிறுவர்களுக்குப் பரிசாகவே நிறையப் போய்ச் சேர்ந்தன. டெய்சியோ காமிக்ஸ் கதாநாயகன் ரெட் ரைடர் பெயரில் ஒரு காற்றுத் துப்பாக்கி விட்டு, காமிக்ஸ் அட்டைகளில் விளம்பரம் செய்து, நேரே பையனிடமே பேசியது. அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பது பையன் பாடு. 1958-ல் டெய்சி ஆர்கன்சாவுக்குக் குடிபெயர்ந்தது.

டெய்சிக்காரர்கள் பொல்லாதவர்கள் என்று சொல்ல வரவில்லை. பாதுகாப்பாகச் சுடுவது எப்படி என்று சிறுவர்களுக்குப் பயிற்சி நடத்தியவர்கள் அவர்கள். என் சங்கடம் வேறு. பாடம் எப்போதும் பிள்ளைக்குத்தான், பெரியவருக்கு இல்லை. 1988-ல் துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைபிள் சங்கம் எட்டி என்ற கார்ட்டூன் கழுகைப் படைத்தபோதும் இதேதான். துப்பாக்கியைப் பார்த்தால் நில், தொடாதே, விலகிப் போ, பெரியவரிடம் சொல் என்று அந்தக் கழுகு மழலைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தத் துப்பாக்கியைக் கண்ட இடத்தில் போட்டுவைத்த பெரியவர் யார் என்று அது கேட்கவில்லை.

இப்படிப்பட்ட பாடங்கள் எவ்வளவு தூரம் பலிக்கும் என்று அட்லாண்டாவில் மருத்துவர்கள் சோதித்தார்கள். முடிவு 2001-ல் வெளியானது. 8 முதல் 12 வயதுவரை உள்ள பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டார்கள். மேஜை இழுப்பறைகளில் தண்ணீர்த் துப்பாக்கிகளோடு தோட்டா இல்லாத நிஜக் கைத்துப்பாக்கி ஒன்றும் இருந்தது. 29 குழுக்களில் 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. 16 குழுக்கள் கையில் எடுத்தன. 10 குழுக்களில் யாராவது ஒரு பையன் விசையை இழுத்தே விட்டான். எடுத்த பையன்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏதோ ஒரு வகையில் பாதுகாப்புப் பாடம் கேட்டவர்கள். பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் ரிமோட் எங்கே ஒளித்துவைத்தாலும் கண்டுபிடிக்கிறார்கள்.

சட்டம் பெற்றோர் பக்கம் முதலில் திரும்பியது ஃபுளோரிடாவில். 1989 கோடையில் அடுத்தடுத்துச் சில குழந்தைகள் வீட்டுத் துப்பாக்கியால் சுடப்பட்டபின், தோட்டா போட்ட துப்பாக்கியைச் சிறார் கைக்கு எட்டும்படி வைப்பது குற்றம் என்று சட்டம் வந்தது. அதே ஃபுளோரிடா 2011-ல், வீட்டில் துப்பாக்கி உண்டா என்று மருத்துவர்கள் பெற்றோரிடம் கேட்பதற்கே தடை போட்டது. அதை நீதிமன்றம் தூக்கியெறிய 2017 ஆகிவிட்டது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2001-ல் டெய்சியின் காற்றுத் துப்பாக்கிகள் இரண்டில் குறை இருப்பதாக வழக்குத் தொடுத்தது. நிஜத் துப்பாக்கிமீது அந்த ஆணையத்துக்கு அதிகாரமே கிடையாது.

எங்கள் மிச்சிகன் மிகவும் தாமதம். 2021 நவம்பர் 26 அன்று ஒரு தகப்பனார் 15 வயது மகனுக்காகக் கைத்துப்பாக்கி வாங்கினார். மறுநாள் தாய் அவனைச் சுடும் பயிற்சிக்குக் கூட்டிப்போனார். 30-ம் தேதி ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளியில் அவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் உயிரிழந்தார்கள். துப்பாக்கியோடு கொடுத்த கம்பிப் பூட்டு உறையைக்கூடப் பிரிக்காமல் வீட்டில் கிடந்தது. பூட்டி வைப்பதெல்லாம் கணவர் பொறுப்பு என்று தாய் நீதிமன்றத்தில் சொன்னார். பூட்டி வைக்கச் சொல்லும் சட்டம் அப்போது மாநிலத்தில் இல்லை. பெற்றோரை உயிர்ப்பலிக்கே நேரடியாகப் பொறுப்பாக்கினார்கள்: 2024-ல் இருவருக்கும் பத்து முதல் பதினைந்து ஆண்டுச் சிறை. பிள்ளை பள்ளியில் நடத்திய கூட்டக் கொலைக்காக இந்த நாட்டில் இப்படித் தண்டனை பெற்ற முதல் பெற்றோர் அவர்கள்தாம். தாய்க்கு எதிரான தீர்ப்பு பிப்ரவரி 6. பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற மாநிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அதற்கு ஒரு வாரம் கழித்து.

2000-த்திலிருந்து குழந்தை மருத்துவர்கள் ஒரு வழக்கத்தைப் பரப்பிவருகிறார்கள்: பிள்ளையை விளையாட அனுப்புமுன் அந்த வீட்டில் துப்பாக்கி உண்டா, பூட்டியிருக்கிறதா என்று கேட்டுவிடுவது. அழைத்தவரிடம் இப்படியா கேட்பது என்று நமக்குக் கூச்சம். எங்கள் எதிர்வீட்டுக்காரர் மான் வேட்டைக்காரர். நவம்பர் 15 இங்கே துப்பாக்கியோடு மான் வேட்டை தொடங்கும் நாள். சில பள்ளிகளுக்கு அன்று விடுமுறை. அவரிடம் கேட்கும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவரோ சாதாரணமாகக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போய் இரும்புப் பெட்டியைக் காட்டினார். தோட்டாக்கள் வேறிடத்தில், வேறு பூட்டில். எண் தனக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும் என்றார்.

நம்மவர் வீடு ஒன்றில் கேட்டபோது அந்த அக்கா சிரித்தார். “நம்ம வீட்டுல அதெல்லாம் எதுக்கு இருக்கப்போவுது?” ஹாலில் இருந்த அவர் கணவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, கொரோனா சமயத்தில் ஒன்று வாங்கினேனே என்றார். எந்த அறையில் இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. பையன்கள் அன்று எங்கள் வீட்டில்தான் விளையாடினார்கள்.