ரேடியோ நெல்லும் கடை நோட்டும்

அறிவைத் தருபவர் அதிகாரி, பெறுபவர் விவசாயி என்பதாகவே நமது வேளாண்மை வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. 'விரிவாக்கம்' என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு மையம் உட்கார்ந்திருக்கிறது. யார் சொல்லைக் கேட்பது என்பதைச் சிறு விவசாயி எதை வைத்து முடிவு செய்தார் என்று கேட்டால் கதை வேறாகிறது.

1960-61இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்கு முதலில் தேர்வான ஏழு மாவட்டங்களில் அன்றைய ஒன்றுபட்ட தஞ்சையும் ஒன்று. ஊர் வாயில் அது 'பேக்கேஜ்'. விதை, உரம், கடன், யோசனை எல்லாம் ஒரே பொட்டலம். 1965-66இல் ஆடுதுறை 27 என்ற குறுவை நெல் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் பேசியது. ஜனங்கள் 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விரிவாக்கத்தின் வெற்றிக்கு இன்றும் இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

அந்தப் பெயரை வேறு மாதிரியும் வாசிக்கலாம். ரேடியோ யோசனை சொல்லும், உரம் தராது. உரக் கடனுக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனால் நிலத்துக்குக் காகிதம் வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்காரரிடம் காகிதம் ஏது? குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டமே 1969இல்தான் வந்தது. காதில் விழுந்தது எல்லோருக்கும். கையில் கிடைத்தது சிலருக்கு.

இது தஞ்சையோடு முடிந்த கதையல்ல. 2003இல் நாடு முழுக்க எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, விவசாயக் குடும்பங்களில் 60 சதவீதம் நவீனத் தொழில்நுட்பத் தகவலுக்காக எவரையும் எதையும் நாடவில்லை. முன்னோடி விவசாயியிடம் கேட்டவை 16.7 சதவீதம், இடுபொருள் கடையில் 13.1, வானொலியில் 13.0, அரசு விரிவாக்கப் பணியாளரிடம் வெறும் 5.7.

இதை அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். உரக்கடை வாசலில் கேட்டால் பதில் ஏறக்குறைய இப்படித்தான் வரும்: "ஆபீசர் சொல்றது தப்புங்கல. அவரு எழுதிக் குடுக்குற மருந்த கடனுக்கு யாரு தருவா?" பக்கத்து வயல்காரர் சொன்னால் விளைச்சலைக் கண்ணால் பார்த்து நம்பலாம். கடைக்காரர் சொன்னால் பணத்தை அறுப்புக்கு அப்புறம் கொடுக்கலாம். இரண்டுமே தீர யோசித்த கணக்குகள்தாம்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பக்கத்து வயல்காரர் பேச்சைத் தட்டலாம். நோட்டில் பாக்கி ஏறிய பிறகு கடைக்காரர் பேச்சைத் தட்ட முடியாது. அங்கே யோசனையே கடனின் ஒரு தவணை. விவசாயி யோசனையைத் 'தேர்ந்தெடுக்கிறார்' என்று எழுதுமுன், மறுக்கும் உரிமை அவருக்கு எந்த இடத்தில் இருந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.