சாவியோடு போனவர்கள்

நார்வேயின் மேற்குக் கரையோரம், ஓர்ஸ்தா என்ற ஊரில், அந்நாட்டு மொழியறிஞர் ஈவார் ஓசன் பெயரில் ஒரு மொழிப் பண்பாட்டு மையம் இருக்கிறது. ரெய்டார் யூப்பெடால் என்ற பேராசிரியரின் நூல் சேகரிப்பு அங்கே வந்து சேர்ந்திருந்தது. சுமார் 11,000 தலைப்புகள் கொண்ட அதன் பட்டியலைக் கணினியில் ஏற்றியவர், கடவுச்சொல் போட்டுப் பூட்டிவைத்தார். பிறகு, அந்தச் சொல்லை யாரிடமும் சொல்லாமலே இறந்துபோனார். செய்வதறியாத மையம் 2002-இல் ஊரறிய உதவி கேட்டது. பூட்டை உடைக்கத் தெரிந்தவர்கள் பல நாடுகளிலிருந்தும் முயன்றார்கள். விடையும் சீக்கிரமே கிடைத்தது. பேராசிரியரின் குடும்பப் பெயரைப் பின்னிருந்து முன்னாக எழுதினால் வருவதுதான் அந்தக் கடவுச்சொல்.

இறந்தவரின் மின்பூட்டைத் திறந்த கதைகளில் இவ்வளவு சுபமாக முடிந்தவை அதிகமில்லை. பூட்டு எளியது, உள்ளே இருந்தது வெறும் பட்டியல், திறப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் இந்த மூன்றும் மாறின. வாரிசின் உரிமை சட்டத்தில் படிப்படியாக வலுத்தது. அதே காலத்தில், அந்த உரிமையைக் கையில் எடுத்துக் கொடுக்கும் வல்லமை சட்டத்திடமிருந்து நழுவியது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்ததால் இழப்பு எத்தகையது என்பது பல குடும்பங்களுக்குச் சாவு வீட்டில்தான் தெரிகிறது.

உரிமைப் போராட்டம் ஒரு போர்க்களத்தில் தொடங்கியது. 2004 நவம்பரில் ஈராக்கின் ஃபல்லூஜாவில் 20 வயது அமெரிக்கக் கடற்படைப் பிரிவு வீரர் ஒருவர் கொல்லப்பட்டார். போர்முனையிலிருந்து அவர் எழுதிய, அவருக்கு வந்த மின்னஞ்சல்கள் யாஹூவில் இருந்தன. பெற்றோர் கேட்டபோது, கணக்கு வைத்திருப்பவருக்குத் தந்த ரகசிய வாக்கை மீற முடியாது என்று நிறுவனம் மறுத்தது. 2005 ஏப்ரலில் மிச்சிகன் மாநிலத்தின் ஓக்லாந்து கவுண்டி நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் மடல்கள் குறுந்தட்டில் பதிந்து குடும்பத்துக்கு வந்தன.

ஜெர்மனியில் வழக்கு இன்னும் நீண்டது. 2012-இல் பெர்லினில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி சுரங்க ரயிலில் அடிபட்டு இறந்தாள். அது விபத்தா தற்கொலையா என்று அறியத் துடித்த பெற்றோர், அவளுடைய முகநூல் செய்திகளைப் பார்க்கக் கேட்டார்கள். கணக்கின் கடவுச்சொல் தாயிடம் இருந்தது. ஆனால் கணக்கை நிறுவனம் நினைவுப் பக்கமாக மாற்றிப் பூட்டிவிட்டதால் அது பயன்படவில்லை. 2018 ஜூலை 12 அன்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கடிதமும் நாட்குறிப்பும் வாரிசுக்குச் சேர்வதுபோல் இந்தக் கணக்கும் சேரும். முகநூல் 14,000 பக்கங்களுக்கு மேற்பட்ட ஆவணத்தை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தது. பெற்றோர் மீண்டும் நீதிமன்றம் போனார்கள். ஆவணக் குவியல் போதாது, கணக்கையே திறந்து பார்க்க விட வேண்டும் என்று 2020-இல் அதே நீதிமன்றம் சொன்னது. மகளை இழந்த தாய் எட்டு ஆண்டு நடந்து பெற்ற தீர்ப்பு அது.

இந்த இரண்டு வழக்குகளிலும் நீதிபதியின் உத்தரவுக்குப் பணிய ஒரு நிறுவனம் இருந்தது. மாற்றுச்சாவி அதன் கையில் இருந்தது. அப்படி யாருமே இல்லாவிட்டால்?

அந்தக் கேள்வியோடு முதலில் மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் ஹால் ஃபின்னி. கலிஃபோர்னியாவில் வாழ்ந்த இந்த நிரலாளர், 1991-இல் பில் ஸிம்மர்மன் வெளியிட்ட பி.ஜி.பி. என்ற மறையாக்க மென்பொருளை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். பெரும்பாலும் அரசுகளும் ராணுவங்களும் வைத்திருந்த பூட்டைச் சாதாரண மனிதர் கைக்குக் கொண்டுவந்த மென்பொருள் அது. 2009 ஜனவரி 12 அன்று, எந்த நிறுவனமும் நடத்தாத மின்நாணயமான பிட்காயின் பிறந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், அதை உருவாக்கிய சத்தோஷி நகமோட்டோ சோதனைக்காக அனுப்பிய 10 நாணயங்களைப் பெற்றவரும் அவரே. பிட்காயின் பரிமாற்றத்தில் முதல் பெறுநர். சில நாள் தன் கணினியில் நாணயம் எடுத்த ஃபின்னி, இயந்திரம் சூடாகிறது, விசிறி இரைகிறது என்று நிறுத்திவிட்டார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அவருக்கு ஏ.எல்.எஸ். நோய் இருப்பது தெரிந்தது. நரம்புகள் செயலிழந்து, உடல் தசை தசையாக அடங்கும் நோய். 2010 இறுதியில் பிட்காயினுக்கு விலை வந்திருப்பதைக் கவனித்து, பழைய மின்பணப்பையைத் தேடி எடுத்தார். 2013 மார்ச்சில் தன் கதையைத் தானே எழுதினார். அப்போது உடல் அநேகமாக முழுதும் அசைவற்றுப் போயிருந்தது. கண்விழியின் அசைவைக் கணினி படித்து எழுத்தாக்கியது. அந்த நிலையிலும் பிட்காயின் பணப்பையை இன்னும் பாதுகாப்பாக்கும் ஒரு நிரலை எழுதிக்கொண்டிருந்தார். நாணயங்களை இணையத் தொடர்பில்லாத இடத்துக்கு மாற்றி, வங்கிப் பெட்டகத்தில் வைத்திருப்பதாகவும், மகனுக்கும் மகளுக்கும் தொழில்நுட்பம் தெரியும் என்பதால் தனக்குக் கவலையில்லை என்றும் அந்தக் கதையில் குறிப்பிட்டிருந்தார்.

மறையாக்கத்தின் உச்சத்தைத் தொட்ட மனிதர், மரணத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு தேர்ந்தது மிகப் பழைய வழியை: இரும்புப் பெட்டகம், விவரம் தெரிந்த பிள்ளைகள். அது சரியான தேர்வுதான். ஆனால் தன்னிடம் இருப்பதை ஊருக்குச் சொன்னதற்கு அந்தக் குடும்பம் விலை கொடுத்தது. 1,000 பிட்காயின் கேட்டு ஒருவன் மிரட்டினான்; வீட்டில் கொலை நடந்துவிட்டதாகப் பொய்த் தகவல் கொடுத்து ஆயுதம் தாங்கிய போலீசை வாசலுக்கு வரவழைத்தான். ஃபின்னி 2014 ஆகஸ்ட் 28 அன்று காலமானார்.

பிட்காயின் பணப்பையின் சாவி மிக நீண்ட ஓர் எண். அதை எழுதிவைக்க எளிதாக 2013-இல் ஒரு முறை வகுக்கப்பட்டது. 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களின் கோவையாகச் சாவியை எழுதலாம். செல்லுபடியாகும் 12 சொல் கோவைகளின் எண்ணிக்கையே 39 இலக்கம் கொண்டது. ஓர்ஸ்தாவில் நடந்ததுபோல் ஊகித்துத் திறப்பது இங்கே நடக்காது. நீதிமன்றம் யாருக்கு உத்தரவிடும்? கோவையைத் தெரிந்தவர் இறந்துவிட்டால் நாணயம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தபடி, பரிமாற்றங்கள் எல்லாம் பதிவாகும் பொதுப் பேரேட்டில் கிடக்கும். எடுக்க எவராலும் முடியாது.

இந்த அச்சத்தை ஒரு மோசடி பயன்படுத்திக்கொண்டது. குவாட்ரிகா என்ற கனடா நாட்டு நாணயச் சந்தையின் தலைவர் கெரால்டு காட்டன், 30 வயதில், 2018 டிசம்பர் 9 அன்று ஜெய்ப்பூரில் இறந்தார். பன்னிரண்டு நாள் முன்புதான் உயில் எழுதியிருந்தார். வளர்ப்பு நாய்களின் பராமரிப்புக்குக்கூட அதில் ஒரு லட்சம் டாலர் ஒதுக்கியிருந்தார். வாடிக்கையாளர் பணத்தின் சாவி பூட்டிய மடிக்கணினியோடு போய்விட்டது என்று நிறுவனம் சொன்னபோது பலர் நம்பினார்கள். ஆனால் நீதிமன்றம் நியமித்த தணிக்கை நிறுவனம் பேரேட்டைப் புரட்டியபோது, அந்தப் பணப்பைகள் அவர் சாவதற்குப் பல மாதம் முன்பே காலியாகியிருந்தன. 76,000-க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 21.5 கோடி கனடிய டாலர் பாக்கி. நடந்தது மோசடியே என்று ஒண்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் 2020-இல் அறிக்கை வெளியிட்டது.

உயிரோடு இருக்கும்போது சாவியைக் கொடுத்தால் சொத்தையே கொடுத்ததாகிறது; கொடுக்காவிட்டால் சொத்து கூடவே போகிறது. இந்தச் சிக்கலுக்கான கணித விடை பிட்காயினைவிட முப்பது ஆண்டு மூத்தது. 1979-இல் ஆடி ஷமிர் ஒரு சிறு கட்டுரையை ஒரு புதிரோடு தொடங்கினார். பதினொரு விஞ்ஞானிகள், ஓர் அலமாரி. ஆறு பேராவது கூடினால்தான் திறக்க வேண்டும். சாதாரணப் பூட்டுகளால் செய்தால் 462 பூட்டுகளும் ஆளுக்கு 252 சாவிகளும் தேவைப்படும். ஷமிரின் வழி பள்ளிக்கூட வடிவியல். ஒரு புள்ளி வழியாக எண்ணற்ற நேர்கோடுகள் போகலாம். இரண்டு புள்ளிகள் இருந்தால் கோடு ஒன்றுதான். ரகசியத்தைக் கோட்டில் மறைத்து, மனைவிக்கு ஒரு புள்ளி, மகளுக்கு ஒன்று, வழக்கறிஞருக்கு ஒன்று எனக் கொடுத்தால் எந்த இருவர் சேர்ந்தாலும் திறக்கலாம். தனியாளுக்குத் துளிகூடத் தெரியாது. ஜார்ஜ் பிளேக்லியும் அதே ஆண்டில் தனியாக இதே விடைக்கு வந்து சேர்ந்தார். இன்று சில பணப்பைக் கருவிகள் ஷமிரின் முறையிலேயே சொற்கோவையைப் பங்கு போட்டுத் தருகின்றன. பெட்டகத்தைவிட இது நல்ல வழி என்பதில் ஐயமில்லை; குடும்பங்களுக்கு இது தெரியவில்லை என்பதுதான் வருத்தம்.

நிறுவனங்களும் தம் பங்குக்குக் கதவு வைத்தன. கூகுள் 2013-இல், முகநூல் 2015-இல், ஆப்பிள் 2021-இல், இறந்தபின் தன் கணக்கை யார் கவனிக்கலாம் என்று பயனரே குறித்துவைக்க வசதி செய்தன.

இந்தியாவில் 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இறந்தபின் தன் தரவு உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்க வழிசெய்யும் பிரிவைக் கொண்டிருக்கிறது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் ஒருவர் உடைமையாக வைத்திருக்கக்கூடிய சொத்து என்று ஒரு வழக்கில் கூறியது. அப்படியானால் அது உயிலில் ஏறும், வாரிசுக்குச் சேரும். ஆனால் நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலை மின்ஆவணமாக ஏற்பதில்லை. காகிதத்தில் எழுதி, கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகும் உயில் பலர் கண்ணில் படும் என்பதால், அதில் பன்னிரண்டு சொற்களை எழுதிவைப்பது ஆபத்து. சொத்து யாருக்கு என்பதை உயிலில் எழுதி, சாவியின் பங்குகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைத் தனித்தாளில் எழுதி உரியவரிடம் கொடுப்பதற்குச் செலவு ஏதுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும்.