ஆசிரியர் உறவும் நம் கல்வி வரலாறும்

கல்வியின் வரலாற்றை எழுதுவோர் கட்டடங்களையும் மானியங்களையும் கணக்கிடுவர். ஆசிரியர்கள் தம்முள் எவ்வாறு பழகினர் என்பதை எழுதினோர் சிலரே. நமது சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அக்குறையைச் சிறிதேனும் நீக்க முற்படுகின்றோம்.

'சமூக மூலதனம்' என்றவுடன் வங்கியும் வட்டியும் நினைவிற்கு வரலாம். ஆயினும் அச்சொல்லை இன்றைய பொருளில் முற்பட ஆண்டவர்களுள் ஒருவர் பள்ளிக் கண்காணிப்பாளரே. அமெரிக்க நாட்டு மேற்கு வர்ஜீனியாவில் கிராமப் பள்ளிகளைக் கவனித்துவந்த ஹனிஃபன் என்பார், மக்களிடையே நிலவும் நல்லெண்ணத்தையும் தோழமையையும் 1916-இல் அப்பெயரால் குறித்தார். அதே 1916-இல்தான் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டார். ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரில் ஒருவர் சொல் தந்தார். மற்றவர் செயல் தந்தார்.

அதற்கும் முன்னர், 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். பின்னாளில் சென்னைச் சட்டமன்றத்தில் நமக்காக முழங்கிய எம்.சி. ராஜா அவர்கள் ஆசிரியராய் வாழ்வைத் தொடங்கியவர், பாடநூல்களும் எழுதியவர். நம் இயக்கத்தின் வேர்களுள் ஒன்று வகுப்பறையில் ஊன்றியது என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது.

அண்மைக் கால ஆய்வுகளுக்கு வருவோம். சிகாகோ நகரத் தொடக்கப் பள்ளிகளைப் பல்லாண்டு ஆராய்ந்த பிரைக்கும் ஷ்னைடரும் 2002-இல் தம் நூலை வெளியிட்டனர். ஆசிரியர், தலைமையாசிரியர், பெற்றோர் ஆகியோரிடையே நம்பிக்கை வலுத்திருந்த பள்ளிகளில் இரண்டில் ஒன்று முன்னேறியது. நம்பிக்கை மிக நலிந்த பள்ளிகளிலோ ஏழில் ஒன்றே முன்னேறியது. நியூயார்க்கில் 2005 முதல் 2007 வரை 130 பள்ளிகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆசிரியர்களை ஆராய்ந்தார் கேரி லீனா. கணக்குப் பாடத்தில் ஐயம் எழுந்தால் ஆசிரியர் யாரிடம் செல்கின்றார்? தலைமையாசிரியரைவிட நான்கு மடங்கு மிகுதியாகச் சக ஆசிரியரையே நாடினர். திறமை குறைந்த ஆசிரியரும், நல்லுறவு நிலவும் பள்ளியில், நடுத்தரத் திறமையாளருக்கு இணையாகக் கற்பித்தார்.

நம் மாநிலத்திலும் இதற்குச் சான்றுண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலுக்கு, ரிஷிவேலிக்குச் சென்று கண்டுவந்த ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்தே அட்டைகளை ஆக்கினர். 2007-08-இல் அது மாநிலமெங்கும் பரவியது. குறுவள மையக் கூட்டங்களும் இவ்வெண்ணத்தில் எழுந்தவையே. அவற்றில் சுற்றறிக்கை வாசித்தே பொழுது போவதும் உண்டு.

ஆயினும் இவ்வாய்வுகளிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுள்ளது. ஆசிரியர்கள் எத்தனை முறை பேசினர் என்று எண்ணினால் போதுமா? யார் யாரோடு பேசவில்லை என்பதை எண்ணுவது யார்? உறவு என்பது உள்ளிருப்போர்க்குச் செல்வம், வெளியிருப்போர்க்கு மதில் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பூர்தியூ 1980-களிலேயே உணர்த்தினார். சாதியை அறிந்த நமக்கு அதைப் பிறர் சொல்லவேண்டியதில்லை.

நம்மவர் ஒருவர் முதன்முதலில் பணியேற்ற பள்ளியில் (பெயர் வேண்டா) மதிய உணவின்போது மற்றையோர் வேறு அறைக்குச் சென்றுவிடுவர். பாடக் குறிப்பேட்டை எவரும் காட்டியதில்லை. பின்னக் கணக்கைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு விளக்குவது என்று கேட்க, அவர் மாலைதோறும் மிதிவண்டியில் மாரண்டஹள்ளிக்கு வந்து நமது மூத்த ஆசிரியர் ஒருவரின் திண்ணையில் அமர்வார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாய் உள்ள பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்வது எளிதன்று. ராகிக் களியை உருட்டிப் பங்கிட்டுக் காட்டச் சொன்னார் அம்மூத்தவர். மறுநாள் வகுப்பில் அது பலித்தது.

அத்திண்ணையில் பின்னர் நால்வர் கூடினர், பிறகு எழுவர். சில ஆண்டுகள் கழித்து, வேறு சமூகத்து ஆசிரியர் ஒருவரும் தயங்கித் தயங்கி வந்து, அதே பின்னக் கணக்கைப் பற்றிக் கேட்டார். அவருக்கும் ஒரு பாய் விரிக்கப்பட்டது.