தொடுகுழியும் கல்லறைத் தோட்டமும்

தாம்பரம், இரும்புலியூர், பல்லாவரம் வட்டாரத்தில் கிறித்தவர் அடக்க நிலத்துக்கு வழங்கும் பெயர் கல்லறைத் தோட்டம். இப்பெயருக்கு இரண்டு எளிய விளக்கங்கள் உலவுகின்றன. கல்லறை என்பது ஐரோப்பியப் பாதிரிமார் மொழிபெயர்ப்புக்காக ஒட்டிய சொல் என்பது ஒன்று. பூச்செடி வைப்பதால் தோட்டம் ஆயிற்று என்பது மற்றொன்று. இரண்டும் சொல்லின் வேரைப் பாராதவை.

முதலில் கல்லறை. இதன் பின்பகுதியான அறை, அறு என்னும் வினையின் வழிவந்தது. அறுத்துப் பிரித்த இடம் அறை. நிலவறை, கருவறை, பள்ளியறை எல்லாம் இவ்வகையின. பழந்தமிழில் அறைக்குப் பாறை என்ற பொருளும் உண்டு. கபிலர் பறம்பு நாட்டுச் சிறுகுளத்தைப் பாடும் புறநானூற்று 118ஆம் பாட்டு தொடங்குவதே அப்பொருளில்தான். பாறையும் அறை, பாறையைக் குடைந்த இடமும் அறை; ஆகவே கல்லறை என்ற கூட்டு, மொழிபெயர்ப்பாளன் வருவதற்கு முன்பே தமிழில் பிறக்கத் தகுதி பெற்றிருந்தது. தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. விவிலியத் தமிழ் இச்சொல்லைப் பரப்பிப் பொருளை நிலைநிறுத்தியது. சொல்லின் இரு உறுப்புகளையும் அது கடன் கொண்டுவரவில்லை.

சொல்லைவிடப் பொருள் இன்னும் பழையது. பலகைக் கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே ஒரு கல் மூடி, உள்ளே எலும்பும் கலமும் வைத்த கற்பதுக்கைகள் பழைய செங்கற்பட்டு மாவட்டம் நெடுகிலும் உண்டு. அகநானூற்றுப் பாலைப் பாட்டுகளில் ஆறலை கள்வரால் மாண்ட வழிப்போக்கரின் உடலைக் கல்லும் தழையும் இட்டு மூடிய பதுக்கைகள் வருகின்றன. பல்லாவரத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ சுடுமண் ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டார். கற்கோடரி மிகமிகப் பழையது; பேழை இரும்புக் காலத்தது. கல்லறை வெளியூர்ச் சரக்கு என்போர் தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை மின்ரயிலில் போய்வந்தால் போதும்.

புதைக்கும் வழக்கமே தமிழர்க்கு அயலானது, எரிப்பதே மரபு என்றும் ஒரு கூற்று உண்டு. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை இதற்கு விடை. அங்கே சுடுவோர், இடுவோர், தோண்டிய குழியில் படுப்போர், தாழ்ந்த இடத்தில் அடைப்போர், தாழியிற் கவிப்போர் என ஐவகையினர் பேசப்படுகின்றனர். இதில் இடுவோரும் குழியில் புதைப்போரும் வெவ்வேறு என்பது கவனிக்கத்தக்கது. இடுதல் வெறுமனே கிடத்திவிட்டுப் போதல். இடுகாடு புதைகாடாகப் பொருள் மாறியது பின்னர். இன்றைய அகராதிப் பொருளைப் பழைய நூலின்மேல் ஏற்றுவோர் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர்.

தாழியைப் பற்றியும் ஒரு கட்டுக்கதை உண்டு. சாகாமல் சுருங்கிப்போன கிழவர்களை உயிரோடு உள்ளே வைத்ததால் முதுமக்கள் தாழி என்பார்கள். முதுகுடி, முதுமொழி, முதுகாடு என்பவற்றில் முதுமை எப்படித் தொன்மையைச் சுட்டுகிறதோ அப்படியே இங்கும் சுட்டுகிறது; முதுமக்கள் என்றால் முன்னோர். கணவனை இழந்தவள் குயவனிடம் தனக்கும் இடம் இருக்கும்படி பெரிய தாழி வனையச் சொல்லும் புறநானூற்று 256ஆம் பாட்டில் கிழவி எவளும் இல்லை. கீழடி அருகே கொந்தகை ஈமக்காட்டில் 2020ஆம் ஆண்டு அகழாய்வில் குழந்தையின் எலும்புக்கூடே கிடைத்தது. கதை இங்கே முடிந்தது.

இனித் தோட்டம். மேலே கண்ட புதைகுழியை மணிமேகலை தொடுகுழி என்கிறது. தொடுதல் தோண்டுதல். மணற்கேணியைக் கல்விக்கு உவமையாக்கும் 396ஆம் குறளிலும் இதே வினைதான். தொடு, தோடு, தோண்டு, தோட்டம் ஓரினச் சொற்கள். கொத்திக் கிளறிப் பண்படுத்திய நிலம் தோட்டம். பூ அதன் விளைவு, பெயரின் காரணம் அன்று. யோவான் நற்செய்தியில் ஏசுவின் கல்லறை ஒரு தோட்டத்தில் இருந்ததாக வருவது பெயருக்குத் தூண்டுதலாகலாம். ஆனால் அத்தூண்டுதலை ஏற்க அணியமாக நின்றது தொடு என்னும் பழைய வேர். யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் இதனையே சேமக்காலை என்பர். சேமம் காவல், காலை அடைப்பு. முஸ்லிம்களின் மையவாடி அரபு மய்யித்தும் தமிழ் வாடியும் சேர்ந்தது. மூன்று பெயரும் காடு என்ற சொல்லைத் தவிர்த்து, வேலியிட்டுப் பேணும் நிலத்தைக் குறிப்பது தற்செயல் அன்று.

காடு எதிர்ப்பக்கம் நிற்பது. கொங்கு நாட்டில் புன்செய்யும் காடுதான்; ஆகவே இடுகாட்டில் உள்ள காடு அடர்வனம் என்று கொள்ள வேண்டுவதில்லை, ஊருக்குப் புறத்தே கிடக்கும் நிலம் எனல் போதும். புறநானூற்று 356ஆம் பாட்டில் வரும் ஈமநிலம் களர் பரந்து, கள்ளி மண்டி, பகலிலும் கூகை கூவுவது. இன்று சென்னைப் புறநகரின் பழைய அடக்க நிலங்களில் கள்ளிக்குப் பதில் சீமைக் கருவேலும் உண்ணிச்செடியும் நாயுருவியும். பெயர் தோட்டம், நிலை முதுகாடு.

இத்தகைய நிலத்தில் தாத்தா பாட்டியின் கல்லறையைத் தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளை ஒட்டி வருகின்றன. வடகிழக்குப் பருவமழையில் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும் நேரம் அது. அரிவாளுக்கு முன் பார்க்க வேண்டியது பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேடு. நாள், பெயர், வரிசை எண் அதில் இருக்கும். இடநெருக்கடியால் குடும்பக் கல்லறையை மீண்டும் திறந்து அடுத்தவரை அடக்கம் செய்வது சென்னையில் வழக்கம். கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைகளில் இது நடைமுறை. ஆகவே பழைய பெயரைத் தேடுவோர், கடைசியாக அடக்கம் செய்யப்பட்டவரின் பெயரையும் தேட வேண்டும். எழுத்து மங்கிய கல்லைக் கம்பியாலோ அமிலத்தாலோ தேய்த்தால் உள்ளதும் போகும். தண்ணீர் விட்டு மென்தூரிகையால் மண்ணை அகற்றி, காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் பார்த்தால் குழிந்த எழுத்தில் நிழல் விழுந்து தெரியும். உளியால் வெட்டிய நடுகல் எழுத்து தேய்ந்து கிடப்பதை அகநானூற்று 343ஆம் பாட்டு அப்போதே குறித்திருக்கிறது.

   

பேணாத கல்லறைக்கு ஏடே துணை. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுத் தொகுப்பு, கல் மறைந்த பின்னும் வாசகத்தைத் தருகிறது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலய முற்றத்துப் பழங்கற்களும் முதலில் இருந்த இடத்தில் இல்லை. பின்னாளில் சட்டக் கல்லூரி வளாகமான பழைய அடக்க நிலத்தின் கல்லறைகள் 1758-59 பிரெஞ்சு முற்றுகையில் எதிரிக்கு மறைவிடமாயின. பின்பு இடிக்கப்பட்டு, கற்கள் ஆலயத்துக்குச் சென்றன. பராமரிப்புக்கு உறுதி இல்லாத பல ஊர்க் கல்லறைகளிலிருந்து போர்வீரர் எச்சங்கள் 1952இல் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு மாற்றப்பட்டன. வீரனின் கல்லறையைப் பேண ஓர் ஆணையம் இருக்கிறது. குடும்பத்தாருக்குப் பதிவேடும் அரிவாளும்தான்.

கல்லறை தமிழ்ச்சொல், தோட்டம் தொடு என்னும் வேரின் வழிவந்தது. இக்கூட்டுச்சொல்லுக்குப் பழைய கல்வெட்டுச் சான்று நாளை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், வேர் மாறாது. தோண்டிப் பண்படுத்தாத நிலத்தைத் தோட்டம் என்பது சொற்குற்றம். களையைப் பறித்துப் பெயரைக் காப்பது பங்குச் சபைகளின் கடமை.