பத்து லிரா தாளில் ஒரு கணித ஆசிரியர்



உம்ராவை முடித்துக்கொண்டு துருக்கி வழியாக ஊர் திரும்பிய பெற்றோர் ஒருவர் போன கிழமை எமது பாடசாலைக்கு வந்தார். பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் தந்துவிட்டு, "சேர், பிள்ளைகளுக்குக் காட்டுங்க" என்று ஒரு பத்து லிரா தாளையும் கையில் வைத்தார். உயர்தரக் கணித வகுப்பில் அந்தத் தாள் கைமாறிச் சுற்றியது. ஒரு பக்கத்தில் அத்தாதுர்க். மறுபக்கத்தில் இன்னொருவரின் படம், அதனோடு ஒரு சமன்பாடு. "இவர் யார் சேர், மந்திரியா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "இல்லை, கணிதம் படிப்பித்தவர்" என்றோம். வகுப்பே சிரித்தது. கணிதம் படிப்பித்தவரைக் காசில் அச்சடிப்பார்களா என்ற சிரிப்பு.

ஒரு பாடவேளையில் சொல்லி முடிக்கக்கூடிய கதை அல்ல அது. அதனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் இருப்பவர் ஜாஹித் ஆர்ஃப். 1910இல் செலானிக் நகரில் பிறந்தார். இன்று அது கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி. அப்போது உஸ்மானியப் பேரரசின் துறைமுக நகரம். 1912இல் பால்கன் யுத்தம் தொடங்கியபோது அவரது குடும்பம் இஸ்தான்பூலுக்குத் தப்பி வந்தது. வாப்பா தபால் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். அவரோடு குடும்பமும் ஊர் ஊராக மாறியது. இஸ்மீர் நகரில் ஓர் ஆசிரியர், யூக்ளிட்டின் கேத்திரகணிதத் தேற்றங்களைத் தானாகவே நிறுவிப் பார்க்கும்படி அந்தப் பையனைத் தூண்டிவிட்டார். அதன் பிறகு அவருக்குக் கணிதம்தான் எல்லாம். பாரிஸில் உயர்கல்வி முடித்து 1932இல் நாடு திரும்பியவர், இஸ்தான்பூலின் கலாத்தாசராய் பாடசாலையில் கணிதம் படிப்பித்தார். நம்மைப் போல ஒரு பாடசாலை ஆசிரியர்தான். அடுத்த வருடம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அந்த அடுத்த வருடம் 1933. அது எப்படிப்பட்ட வருடம் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

1933 ஜனவரியில் ஜேர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் 7ஆம் திகதி அரச சேவை பற்றிய ஒரு சட்டம் வந்தது. யூத வம்சத்தவரையும் ஆட்சிக்குப் பிடிக்காதவர்களையும் அரச உத்தியோகத்திலிருந்து நீக்கும் சட்டம். அந்த நாட்டில் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அரச ஊழியர்கள்தான். கொட்டிங்கன் என்ற சிறிய நகரத்தின் பல்கலைக்கழகம் அந்தக் காலத்தில் கணிதத்துக்கு உலகிலேயே பெயர்பெற்ற இடம். அங்கிருந்த எம்மி நோதர், ரிச்சர்ட் கூரண்ட் போன்றவர்கள் அந்த மாதமே பணிநிறுத்தம் செய்யப்பட்டார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கட்டியெழுப்பிய ஒரு கணிதப் பீடம் ஒரு வருடத்துக்குள் வெறிச்சோடிப் போனது.

எங்களில் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. என்ன செய்தாய் என்று கேட்காமல், நீ யார் என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடுவது எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு பையில் அடங்கிய உடுப்போடு வந்து, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்து வாய்ப்பாடு படித்தவர்கள் நாம். அன்று கரும்பலகைக்கு முன்னால் நின்றவர்களும் நம்மோடு இடம்பெயர்ந்து வந்தவர்கள்தான்.

இனி இஸ்தான்பூலுக்கு வருவோம். அங்கே உஸ்மானியர் காலத்தில் தொடங்கிய 'தாருல் ஃபுனூன்' என்ற உயர்கல்வி நிறுவனம் இருந்தது. அதை எப்படிச் சீர்திருத்தலாம் என்று ஆராய, ஜெனீவாவைச் சேர்ந்த கல்வியியல் பேராசிரியர் அல்பேர்ட் மால்ஷ் 1932இல் அழைக்கப்பட்டார். விரிவுரைக் குறிப்பைப் பாடமாக்கி ஒப்புவிப்பது அதிகம், சொந்த ஆய்வு குறைவு, தாய்மொழியில் விஞ்ஞான நூல்கள் போதாது என்பவை அவர் கண்ட குறைகள். 1933 ஜூலை 31ஆம் திகதி தாருல் ஃபுனூன் மூடப்பட்டது. மறுநாள் இஸ்தான்பூல் பல்கலைக்கழகம் பிறந்தது.

இதற்கிடையில் பிராங்பேர்ட்டிலிருந்து தப்பிய பிலிப் ஷ்வார்ட்ஸ் என்ற வைத்தியப் பேராசிரியர், வேலை இழந்த அறிஞர்களுக்கு உதவ சூரிச் நகரில் ஒரு சங்கத்தை அமைத்திருந்தார். ஜூலை 6ஆம் திகதி அவர் அங்காராவில் துருக்கியின் கல்வி அமைச்சர் ரெஷித் காலிப்போடு மேசையில் அமர்ந்தார். பல மணித்தியாலம் பேச்சு நடந்தது. எழும்பும்போது முப்பது பேரளவில் பேராசிரியர்களுக்கு இடம் உறுதியாகியிருந்தது. இஸ்தான்பூல் உஸ்மானியர் வசமானபோது பைஸாந்திய அறிஞர்கள் இத்தாலிக்குப் போனார்கள், இன்று ஐரோப்பா அதைத் திருப்பித் தருகிறது என்ற கருத்தில் அமைச்சர் அன்று பேசியதாக ஷ்வார்ட்ஸ் பின்னர் தனது நினைவுகளில் பதிவு செய்தார்.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. தாருல் ஃபுனூன் மூடப்பட்டபோது அங்கே படிப்பித்த உள்ளூர் ஆசிரியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் புதிய பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. வெளியே நின்றவர்களுக்குக் கதவு திறந்த அதே நாட்களில் உள்ளே இருந்தவர்கள் பலர் வெளியே போனார்கள். அந்த அரசின் ஏனைய கொள்கைகள் பற்றி நம்மிடையே பல கருத்துகள் உண்டு. அது வேறு விடயம். இங்கே கணிதத்தை மட்டும் பார்ப்போம்.

கணிதத்துக்கு வந்தவர்களில் மூவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் ரிச்சர்ட் ஃபொன் மீசெஸ். பேர்லின் பல்கலைக்கழகத்தின் பிரயோக கணித நிறுவனத்தை நடத்தியவர். இரண்டாமவர் வில்லியம் பிராகர், முப்பது வயது இளைஞர், பொறியியலுக்கு வேண்டிய இயக்கவியலில் கெட்டிக்காரர். மூன்றாமவர் ஹில்டா கைரிங்கர். பேர்லினில் 1927இல் பிரயோக கணிதம் கற்பிக்கும் தகுதியைப் பெற்றவர். ஜேர்மனியில் அந்தத் துறையில் அதைப் பெற்ற முதல் பெண் அவர். வேலை போனதும் சிறு மகளோடு முதலில் பிரசல்ஸுக்கும், 1934இல் இஸ்தான்பூலுக்கும் வந்தார்.

அவர்களுடைய ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஆரம்பத்தில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாம். சுமார் மூன்று வருடத்தில் துருக்கி மொழியிலேயே விரிவுரை செய்ய வேண்டும். பாடநூலும் அந்த மொழியில் எழுத வேண்டும். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் ஜேர்மன் மொழியிலோ பிரெஞ்சிலோ ஒரு வசனம் சொல்வார். பக்கத்தில் நிற்கும் இளம் துருக்கிய உதவியாளர் அதை மாற்றிச் சொல்வார். மாணவர்கள் எழுதுவார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய உள்ளூர் இளைஞர்கள் பலர் அப்படி நின்றுதான் விரிவுரையாளர்களானார்கள். கைரிங்கர் முதலில் பிரெஞ்சில் தொடங்கிப் பிறகு துருக்கி மொழிக்கு மாறினார். பிராகர் துருக்கி மொழியில் நூல்களும் எழுதினார். மாணவனை ஆசிரியரின் மொழிக்கு இழுக்காமல், ஆசிரியரை மாணவனின் மொழிக்கு வரச் செய்தார்கள்.

படிப்பிப்பதோடு ஆய்வும் நிற்கவில்லை. நிகழ்தகவு பாடத்தில் பிள்ளைகள் ஆச்சரியப்படும் ஒரு கணக்கு உண்டு. ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தால், அவர்களில் குறைந்தது இருவருக்கு ஒரே பிறந்தநாள் வரும் வாய்ப்பு பாதியை விடக் கூட. பிறந்தநாட்கள் பொருந்துவதை ஆராய்ந்த ஃபொன் மீசெஸின் கட்டுரை 1939இல் வெளிவந்தது இஸ்தான்பூல் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் சஞ்சிகையில்தான். கைரிங்கர் அதே நகரத்தில் இருந்துகொண்டு நிகழ்தகவை மரபியலுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்.

இந்த நேரத்தில் நமது ஜாஹித் ஆர்ஃப் என்ன செய்தார்? எதிர்த்திசையில் பயணம் போனார். 1937இல், கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற, அந்த வெறிச்சோடிய கொட்டிங்கனுக்கே போனார். அங்கே எஞ்சியிருந்த பெரிய கணிதர் ஹெல்முட் ஹஸ்ஸே. தேசியவாத எண்ணம் கொண்டவர், அந்த ஆட்சியோடு ஒத்துப்போனவர். ஆனால் ஆய்வை வழிநடத்தத் தெரிந்தவர். ஆர்ஃப் மிகப்பெரிய கேள்வியொன்றைச் சுமந்துகொண்டு போனார். ஹஸ்ஸே அதைக் கைக்கு அடங்கும் ஒரு கேள்வியாகச் சுருக்கிக் கொடுத்தார். 1938இல் பட்டம் கிடைத்தது. அந்த ஆய்விலிருந்து வந்த முடிவு இன்றும் ஹஸ்ஸே–ஆர்ஃப் தேற்றம் என்று இருவர் பெயராலும் படிப்பிக்கப்படுகிறது. அதைத் தொடர்ந்து அவர் செய்த இன்னொரு வேலை 1941இல் அச்சானது. பத்து லிரா தாளில் இருப்பது அதுதான்: ஆர்ஃப் மாறிலி.

அதை வகுப்பில் இப்படிச் செய்து பார்த்தோம். 0, 1 என்ற இரண்டு எண்கள் மட்டுமே உள்ள ஒரு கணக்கு உலகம். அங்கே 1 + 1 = 0. அ, ஆ இரண்டும் 0 ஆகவோ 1 ஆகவோ இருக்கலாம், ஆகவே நான்கு சோடிகள். முதலில் அ × ஆ என்பதைக் கணியுங்கள்: மூன்று தடவை 0, ஒரு தடவை 1. அடுத்து அ × அ + அ × ஆ + ஆ × ஆ என்பதைக் கணியுங்கள்: ஒரு தடவை 0, மூன்று தடவை 1. எந்த விடை அதிகமாக வருகிறதோ அதுவே அந்தக் கோவையின் ஆர்ஃப் மாறிலி. முதலாவதுக்கு 0, இரண்டாவதுக்கு 1. மாறிகளை எந்த ஒழுங்கான முறையில் மாற்றி எழுதினாலும் இந்தத் தீர்ப்பு மாறாது. எனவே முதலாவதை எப்படி உருமாற்றினாலும் இரண்டாவது ஆக்க முடியாது. சாதாரண தரப் பிள்ளைகூடப் பேனையும் தாளும் எடுத்துச் செய்யலாம். இதே யோசனையைப் பின்னாளில் கயிற்று முடிச்சுகளின் கணிதத்திலும் பயன்படுத்தினார்கள்.

ஆர்ஃப் 1938இல் இஸ்தான்பூலுக்குத் திரும்பினார். அவர் திரும்பிய காலத்தில் வந்தவர்கள் போகத் தொடங்கினார்கள். அத்தாதுர்க் 1938 நவம்பரில் இறந்தார். ஐரோப்பாவில் யுத்தம் நெருங்கியது. ஃபொன் மீசெஸ் 1939இல் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். கைரிங்கரின் ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. அதே வருடம் மகளோடு அவரும் புறப்பட்டார். பிராகர் 1941இல் பிரவுன் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே பிரயோக கணிதத்துக்குப் பெரிய நிலையமொன்றைக் கட்டினார். இஸ்தான்பூலில் கட்டியிருக்கக்கூடியது. கைரிங்கருக்கு அமெரிக்காவிலும் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம் எதுவும் நிரந்தரக் கதிரை கொடுக்கவில்லை. பெண் என்பது அதற்கு ஒரு காரணம். 1944 முதல் வீட்டன் என்ற சிறிய பெண்கள் கல்லூரியில் படிப்பித்துக்கொண்டே, நேரம் கிடைத்தபோதெல்லாம் ஆய்வு செய்தார். எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது பெண் பிள்ளைகளின் வரிசை அமைதியாகிவிட்டது.

ஆர்ஃப் தங்கினார். 1962 வரை இஸ்தான்பூல் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1963இல் துருக்கியின் விஞ்ஞான ஆய்வுச் சபை அமைக்கப்பட்டபோது அதன் விஞ்ஞானக் குழுவுக்கு முதல் தலைவரானார். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வு நிலையத்தில் இரண்டு வருடம் இருந்தார், அங்கேயே நின்றுவிடவில்லை. திரும்பி வந்து 1967 முதல் 1980இல் ஓய்வுபெறும் வரை அங்காராவில் உள்ள மத்திய கிழக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார். 1997இல் காலமானார். 2009இல் புதிய லிரா தாள்கள் வந்தபோது பத்து லிராவில் அவர் இடம்பெற்றார்.

உறவுகளே, இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதினோம்? நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. மூளையுள்ள பிள்ளை மருத்துவம் படிக்க வேண்டும், கணிதம் படித்தால் வெளிநாட்டுக்குப் போய்விட வேண்டும், ஊருக்கு வந்து படிப்பிப்பது தோற்றவர் வேலை. இப்போது வெளிநாட்டில் கணிதத்தில் உயர்பட்டம் முடிக்கப்போகும் நம்மூர்ப் பிள்ளை ஒன்று, வரலாமா என்று நம்மிடம் கேட்டிருக்கிறது. அதற்கு நாம் சொன்ன பதில்: வருவது நல்லது, ஆனால் வந்தால் ஊர் உன்னை எப்படி வைத்துக்கொள்ளும் என்று ஊரிடம்தான் கேட்க வேண்டும். இஸ்தான்பூல் கதவைத் திறந்தது, அது பெரிய காரியம். வந்தவர்களை இருக்கவைக்கத் தெரியாமல் சிலரை இழந்தது, அது பெரிய நட்டம். இரண்டும் ஒரே கதைக்குள் இருக்கின்றன.

ஆகவே ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழகத்தில் கணிதமோ பொறியியலோ படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எமது உயர்தர வகுப்புக்கு வாருங்கள். விரிவுரை வேண்டாம். நீங்கள் இப்போது எந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளைகள் பார்க்க வேண்டியது அதைத்தான். பெற்றோரே, ஆண் பிள்ளையோ பெண் பிள்ளையோ, கணிதப் பிரிவு எடுக்கிறேன் என்று சொன்னால் ஒரு தடவை முழுதாகக் கேளுங்கள்.

பத்து லிரா தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். முதல் நாள் மந்திரியா என்று கேட்ட பிள்ளை, நேற்று அ, ஆவோடு இ, ஈயையும் சேர்த்து, 16 விடைகளையும் எழுதி முடித்துவிட்டு, எது அதிகம் என்று எண்ணிக்கொண்டிருந்தது.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவில் பரக்கத் செய்வானாக.